இல்லை என்று நான் எழுதிய இடம்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்காலையும் அவள் இடுப்பையும் அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு அடக்க முடியுமோ அவ்வளவு அடக்கிக்கொண்டு நலம். நீயும் மருமகனும் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருக்கிறீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல்பதிவை உன் அம்மா மூன்று முறை போட்டுக் கேட்டாள், எனக்கு ஒரு முறையே போதும் போதும் என்றாகிவிட்டது. உன் வெள்ளைப் பூனையை முதன்முறையாக முடி திருத்தும் கடைக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொல்லிவிட்டு, "அப்பா, நீங்கதான் கம்பளியை மாசம் தவறாம கூட்டிட்டுப் போறீங்களே, என்னென்ன பாக்கணும், என்னென்ன கேக்கணும், கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தாய். மாதம் தவறாமல் என்று உன்னிடம் சொன்னவன் நான்தான். அது பொய். நீ எங்களிடம் விட்டுச்சென்ற அந்த நாயை முதல் ஏழு மாதம் நான் எங்கும் கொண்டுபோகவே இல்லை. ஆகவே நீ கேட்ட கேள்விக்கு விடை எழுதுவதென்றால் இந்த வீட்டில் நடந்ததை முதலில் எழுத வேண்டும், அதைத் தொலைபேசியில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லாததால் தாளை எடுத்திருக்கிறேன்.

உன் தம்பி வேறு அலுவலகத்திற்கு மாறியிருக்கிறான், ஊதியம் கூடுதல், உறக்கம் குறைவு. மாடிப்படி விளக்கு மறுபடியும் எரியவில்லை. மேடையில் பேச எனக்கு வரும் கூட்ட அழைப்புகள் குறைந்துவிட்டன. சென்ற திங்களில் ஓர் அரங்கில் நூற்றிருபது நாற்காலி போட்டிருந்தார்கள், பதினேழு பேர் வந்திருந்தார்கள், அவர்களில் இருவர் ஒலிபெருக்கிக்காரரின் ஆட்கள். ஆனாலும் மனப்பாடம் செய்து பேசிய பழக்கம் போகவில்லை. காலையில் எழுந்ததும் உரையை ஒருமுறை ஓங்கிச் சொல்லிப் பார்க்காவிட்டால் அன்றைக்கு நாள் பிறந்ததாகவே தோன்றுவதில்லை. நீ போன பிறகு கம்பளிக்குச் சீவிவிடும் வேலையும் அதே நேரத்தில் வந்து அமைந்தது. ஒரு கையில் சீப்பு, மடியில் நாய், வாயில் உரை. ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடிகிறதே என்று நான் மகிழ்ந்ததைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. குரல் உயரும் இடங்களில் என் கையும் உயர்ந்திருக்கிறது, முழங்கும் இடங்களில் சீப்பு இழுத்திருக்கிறது, சிக்கில் மாட்டி அந்த உயிர் துடித்ததையெல்லாம் நான் என் சொல்லின் வேகத்தில் கவனிக்கவே இல்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து, "நாட்டைத் திருத்தறது அப்புறம் இருக்கட்டும், அந்த நாய் காதை விடுங்க" என்று ஒருநாள் கத்தினாள். அன்றைக்குத்தான் அது என் இடக்கையைக் கடித்தது. நான்கு பல் பதிந்தது. தகரமூடி கிழித்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன், உன்னிடமும் அதைத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு அச்சம். மேலே மேலே தடவினாற்போலச் சீவிவிட்டு எழுந்துவிடுவேன். பார்ப்பவர்களுக்குப் பளபளவென்று இருக்கும், அடியில் தோலோடு ஒட்டி முடி திரண்டுகொண்டே இருந்திருக்கிறது. நீயும் இதை மனத்தில் வைத்துக்கொள். நீளமுடி விலங்கைச் சீவும்போது கையால் முடியைப் பகுத்து விலக்கி, தோல் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சீவ வேண்டும். காதின் பின்புறம், முன்கால் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, வாலின் அடி, இவையே சிக்கு குடியிருக்கும் இடங்கள். எனக்கு அது தெரியவில்லை. நாற்றம் வந்ததும் நன்றாகக் குளிப்பாட்டினால் சரியாகிவிடும் என்று வாளி வாளியாக ஊற்றிக் குளிப்பாட்டினேன். காய்ந்த பின் தொட்டுப் பார்த்தால் முதுகு முழுவதும் வாசல் கால்மிதி போல இருந்தது. வேறு வழியின்றி, அரசு மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட அந்தக் கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே முடி திருத்தும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கம்பளியின் விலாவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "குளிப்பாட்டினீங்களா ஐயா?" என்று கேட்டாள். பெருமையோடு ஆமாம் என்றேன். "சிக்கு எடுக்காம தண்ணி ஊத்தினா அது கயிறு முறுக்கினாப்பல இறுகிடும். இதை இனிமே சீவி எடுக்க முடியாது, எடுத்தா அதுக்கு உயிர் போற வலி. ஒட்ட வழிச்சிடறேன். முடி மறுபடி வளந்துரும்" என்றாள். உனக்கு அந்த முடி பிடிக்கும் என்பதால் நான் ஒரு பத்து நிமிடம் வாதாடினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள், கடைசியில், "அழகு உங்களுக்கு, வலி அதுக்கு. நீங்களே சொல்லுங்க" என்றாள். மேடையில் என்னை மடக்க முயன்றவர்கள் எத்தனையோ பேர், இவ்வளவு எளிதாக யாரும் மடக்கியதில்லை. பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்தாள். வயது, தடுப்பூசி, இதயக் கோளாறு உண்டா, காதில் புண் உண்டா என்று வரிசையாகக் கேள்வி. ஒன்பதாவது கேள்வி, இதற்கு முன் யாரையாவது கடித்ததுண்டா என்பது. கடைக்காரர் என் உரைகளைக் கேட்டவர், பக்கத்தில் நின்று வந்தவர் போனவரிடமெல்லாம், "ஐயா யாருன்னு தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்முன்னே என் வீட்டு நாய் என்னையே கடித்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இல்லை என்று எழுதிக் கையொப்பம் இட்டேன்.

கம்பளி மேசையில் அமைதியாகத்தான் நின்றது. அவள் அதனோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கம் முழுவதும் வழித்து முடித்துவிட்டாள். அடியில் தோல் சிவந்து, முன்கால் இடுக்கில் ஒரு புண் இருந்ததைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த நேரம் பார்த்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது, கூட்ட ஏற்பாட்டாளர் ஒருவர், காது சற்று மந்தமானவர். நான் குரலை உயர்த்தி, "வருகிறேன் என்று சொன்னால் வருவேன்" என்றேன். அவ்வளவுதான். கம்பளியின் உடம்பு விறைத்ததைக் கண்ணால் பார்த்தேன், அடுத்த நொடி அந்தப் பெண்ணின் வலக்கைப் பெருவிரல் அதன் வாயில் இருந்தது. அவள் கத்தவில்லை, கையைப் பிடுங்கவும் இல்லை. பிடுங்கினால் இன்னும் கிழியும் என்று அவளுக்குத் தெரியும். அது தானாக விடும்வரை அப்படியே நின்றாள். மூட்டின் மேல் ஆறு தையல். பாதி வழித்த நாயோடு நான் வீடு வந்து சேர்ந்தேன். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் உரித்த கோழி. உன் அம்மா சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

மறுநாள் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார் மகளே. அவர் என்னிடம் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. உங்க நாய் கடிக்காதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இவதான் எங்கயாவது புடிச்சு இழுத்திருப்பா. கை வேகம் ஜாஸ்தி. இந்த மாசத்தோட கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்னு இருக்கேன்" என்றார். நான், "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எத்தனை ஆயிரம் சொற்களைப் பேசியிருக்கிறேன், அந்த இரண்டைப் போல இழிந்த சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. உன் அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். நான்கு நாள் அப்படியே போயிற்று. அந்தப் பாதி நாய் அறைக்கு அறை நடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழித்த பக்கம்தான் எனக்குத் தெரிந்தது.

கடைக்குப் போய் விளக்குவதென்று முடிவுசெய்து ஓர் உரை எழுதத் தொடங்கினேன். எந்தச் சூழலில் அவ்வாறு எழுத நேர்ந்தது, வயதின் தளர்ச்சி, பொதுவாழ்வில் இருப்பவனின் தயக்கம் என்று மூன்று பக்கம் வந்துவிட்டது. உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். "இதுல கடிக்கும்னு எங்க இருக்கு?" என்று கேட்டாள். நானும் தேடினேன். இல்லை. "கடிக்கும். தெரியும். மறைச்சேன். இதுக்கு எதுக்குங்க மூணு பக்கம்? அந்தப் பொண்ணு கை போச்சு, இப்ப சோறும் போகப் போகுது, நீங்க தளர்ச்சின்னு எழுதிக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

போனேன். அந்தப் பெண் கையில் பெரிய கட்டோடு வாசல் மேசையில் உட்கார்ந்து, இடக்கையால் துவாலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டார். நின்றுகொண்டே சொன்னேன், என் நாய் கடிக்கும், அது எனக்கு முன்பே தெரியும், தெரிந்தே மறைத்தேன், இவள்மேல் குற்றம் இல்லை என்று. அவர் என்னை நம்பவில்லை! கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பெருந்தன்மை யாருக்கு வரும் ஐயா? அவ வேலையைக் காப்பாத்தறதுக்காகப் பழியை நீங்க ஏத்துக்கறீங்க" என்றார். அவர் சொன்னது புகழ்மொழிதான், அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது. கடையில் நாலைந்து பேர் வேறு இருந்தார்கள். சட்டைக் கையை மடித்து இடக்கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பெண் எழுந்து வந்து என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "நாய்க்கடிதான். நாலு மாசம் இருக்கும்" என்றாள், என்னிடம் சொல்லவில்லை, கடைக்காரரிடம் சொன்னாள். அவர் என் கையை விட்டார். பிறகு அவர் போய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, மீதித் துவாலைகளைத் தானே எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவளை அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. பழைய படிவத்தை வாங்கி அந்தச் சொல்லை அடித்து, உண்டு என்று எழுதி, பக்கத்தில் மீண்டும் கையொப்பம் இட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "கடிக்கற நாய் தினமும் ரெண்டு வருது ஐயா. அதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்ல. முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா வாய்க்கூடு போட்டுப்பேன், கூட ஒரு ஆளை நிறுத்திப்பேன், நடுவுல நடுவுல விட்டு விட்டு செய்வேன். அவ்வளவுதான்" என்றாள். மீதிப் பக்கத்தை முடிக்க எப்போது கொண்டுவரலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நாய் வரலாம். நீங்க வேணாம். உங்க குரல் ஏறினப்பதான் அது கடிச்சுது, நான் அதோட கண்ணைப் பாத்தேன். அம்மா கூட்டிட்டு வரட்டும்" என்றாள். போன வெள்ளிக்கிழமை உன் அம்மா கொண்டுபோனாள். கூட வேலை செய்பவர் வழிக்க, அந்தப் பெண் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, முக்கால் மணி நேரத்தில் முடிந்ததாம், "ஒரு தடவைகூட உறுமல" என்று வந்து சொன்னாள். நான் எதிர்ச்சாரியில் மூடிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியே வாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டில் சீவுவது உன் அம்மா, அந்த நேரத்தில் நான் வாய் திறப்பதில்லை. புண் ஆறி வருகிறது. அந்தப் பெண்ணின் விரல்தான் இன்னும் பாதிக்கு மேல் மடங்கவில்லை, கத்தரி பிடிக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்கிறார் மருத்துவர். அவளுடைய மருத்துவச் செலவு நம்முடையது என்று சொல்லியிருக்கிறேன். விரலுக்கு அது ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

நீ கேட்டவற்றுக்கும் அவளிடமே கேட்டு வந்து எழுதுகிறேன். பூனையை முதல்முறை கொண்டுபோகும்போது கூண்டை இரண்டு நாள் முன்பே வீட்டில் திறந்து வை, அது தானாக உள்ளே போய்ப் படுத்துப் பழகட்டும். கிளம்பும் முன் வயிறு நிறையத் தீனி வைக்காதே. கடையில் உலர்த்தும்போது வெப்பக்காற்றுப் பெட்டிக்குள் விட்டுவிட்டு ஆள் போய்விடுகிறார்களா என்று வெட்கப்படாமல் கேள், அப்படியென்றால் வேறு கடை பார். நாய்கள் குரைக்கும் நேரத்தில் போகாதே, பூனைக்கென்று தனி நேரம் கேட்டு வாங்கு. நகத்தை ஒரேயடியாக ஒட்ட வெட்டச் சொல்லாதே, உள்ளே குருதிக்குழாய் இருக்கிறது. ஒட்ட வழிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னால் உன் அப்பாவைப் போல வாதாடாதே. பூனையை அவர்களிடம் விட்டுவிட்டு விரைவாக வெளியே வா, நீ நின்று நின்று பார்த்தால் அது உன்னிடம் தாவப் பார்க்கும்.

நேரத்துக்கு உண்ணுங்கள், உறங்குங்கள். நீயும் மருமகனும் நோயின்றி, மனத்தாங்கலின்றி நெடுங்காலம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனமார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறவாதே. உன்னிடமும் அப்படி ஒரு படிவம் கொடுப்பார்கள், கீறுவதுண்டா, கடிப்பதுண்டா என்று அதில் கேட்டிருக்கும். நீ அனுப்பிய ஒளிப்படத்தில் உன் மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோசாமுள் கிழித்தது என்று அம்மாவிடம் சொன்னாயாம். உன் வீட்டில் ரோசாச்செடி இல்லை மகளே. உண்டு என்றே எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா