கேம்ஷாஃப்ட் சென்சரும் காவல் தகடும்

செவ்வாய், இரவு

அக்கராயன் ஊர் மருத்துவமாது அக்காவின் கார் இன்று திரும்பவும் கராஜுக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கையில் நின்றுவிடுகிறது. சற்று நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் போன கிழமை காட்டிய அதே பிழைதான்: கேம்ஷாஃப்ட் சென்சர். அன்று வேறெதையும் பார்க்காமல் புதுச் சென்சர் போட்டு அனுப்பியவன் நான்.

“ஒரு பிள்ளைப்பேறு பாக்கப் போற வழியில, லொறிக்கு முன்னால நிண்டிட்டுது தம்பி. நல்லாப் பயந்து போனன்” என்றார்.

இன்றைக்குத்தான் சென்சருக்குப் போகும் வயரைக் கையால் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் தோல் அறுந்து செம்பு தெரிந்தது. அறுத்தது கோயிலில் மந்திரித்த காவல் தகட்டின் விளிம்பு. கார் குலுங்கும்போது தகடு அந்த இடத்தில் முட்ட, சென்சரின் சிக்னல் அறுந்து எஞ்சின் நின்றிருக்கிறது. போன மாதம் கார் வாங்கிய கையோடு, எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டச் சொல்லி அக்கா தந்த தகடு அது. வேறு இடம் தேடப் பஞ்சிப்பட்டு அந்த வயரோடு சேர்த்துக் கட்டியவனும் நான்தான்.

வயரைச் சரிசெய்து, தகட்டை ஸ்டியரிங்குக்குக் கீழே மாற்றினேன். ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை.

“என்ன பிழை தம்பி?”

“வயர் ஒண்டு தேஞ்சு போச்சு அக்கா.”

அக்கா தகட்டைத் தொட்டுக் கும்பிட்டார். “இது இருந்தபடியாத்தான் லொறிக்காரன் பிரேக் பிடிச்சவன். தங்கச்சி ஓடுற வானுக்கும் ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன். நீர்தான் கட்டோணும். உம்மட கை ராசியான கை.”

ஓம் என்றேன்.