இரண்டு கோடும் ஒரு புள்ளியும்

வைகாசி 5, செவ்வாய்

குஞ்சு, வெயில். காத்து ஒரு துளி இல்லை. இண்டைக்கு வாழைக்கு இறைக்கிற முறை எங்கடை. உன்ரை அப்பா விடியவே தோட்டத்துக்கு.

உன்ரை கல்குலேற்றரிலை நேற்று இல்லாத ஒண்டு. திரையிலை கீழை, வலப்பக்க மூலையிலை, சின்னதா நாலு இங்கிலீசு எழுத்து. எழுத்துக் கூட்டத் தெரியும் எனக்கு. பற்றறி எண்டதின்ரை முதல் நாலு எழுத்துத் தான். முடியப் போகுது போல.

ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். விளக்கு வைச்சிட்டு உன்ரை படத்துக்கு முன்னாலை இருந்து அந்த ஒரு பொத்தானை அமத்திறது. நீ கடைசியாக் கணக்குப் போட்டு அதிலை கீறின வரைபு வரும். ஒரு கோடு மலை மாதிரி, மற்றது சட்டி மாதிரி. பாத்துக்கொண்டு இருக்கத் தானா அணையும். நீயும் அணைக்கேல்லை. தலையிடிக்குது அம்மா எண்டு கட்டிலிலை வைச்சிட்டுப் படுத்தனி, அது தன்ரை பாட்டிலை அணைஞ்சது. பிறகு காய்ச்சல், டெங்கு எண்டாங்கள், ஆசுப்பத்திரி. நீ திரும்பி வரேல்லை. மார்கழியிலை இருந்து அந்தக் கோடு ரண்டும் அப்பிடியே.

வேறை பொத்தான் தொட மாட்டன். ஒருக்காத் தொட்டிட்டன், முதல் மாசம், தூசி துடைக்கேக்கை. கோட்டிலை ஒரு புள்ளி மின்னிக்கொண்டு நிண்டது. என்ரை கை அம்புக்குறியிலை பட்டு அது பாஞ்சு ஓடிட்டுது. திருப்பிப் பிடிப்பம் எண்டு அமத்த வேறை எங்கையோ போச்சு. நல்லகாலம் கோடுகளுக்கு ஒண்டும் ஆகேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

வாங்க: தேங்காயெண்ணெய். விளக்குத் திரி. அப்பாவுக்குச் சவர அலகு. பற்றறி, யோசிக்க வேணும்.

வைகாசி 6, புதன்

வெயில். மா அரிக்கக் கிடக்கு. மனம் இல்லை.

கனடா மாமி போன் எடுத்தவ. தான் அனுப்பின கல்குலேற்றர் இருக்கோ எண்டு கேட்டா. ஓம் எண்டன்.

"சும்மா வைச்சிருந்து என்ன மச்சாள் செய்யப் போறீங்கள்? என்ரை பிள்ளை பாவிச்சு, உங்கடை பிள்ளை பாவிச்சு. உவள் சிந்து திரும்பச் சோதினை எடுக்கிறாளாம். அவளுக்குக் குடுங்கோவன்."

லைன் சரியில்லை எண்டு சொல்லி வைச்சிட்டன். லைன் நல்லாத் தான் இருந்தது.

சிந்து உன்னோடை படிச்சவள், உன்ரை சினேகிதி, நல்ல பிள்ளை. எண்டாலும் இப்ப ஒழுங்கையிலை கண்டா நான் குனிஞ்சு சீலைத் தலைப்பைச் சரி பண்ணுறன். கேட்டிடுவாளோ எண்டு பயம்.

விளக்கு வைச்சுப் பாத்தன். எழுத்து நிக்குது. கோடுகள் மங்கல். முந்தி இவ்வளவு மங்கலோ, என்ரை கண்ணோ.

கடையிலை புதுப் பற்றறி கிடக்கு, தெரியும். ஆனா உள்ளுக்கை கிடக்கிறது நீ உன்ரை கையாலை போட்டது.

வைகாசி 7, வியாழன்

நல்ல வெயில், அதாலை தான் துணிஞ்சன்.

இடம்பெயர்ந்து இருக்கேக்கை றேடியோவுக்கு ஏது பற்றறி? வெயிலிலை காய வைச்சுக் காய வைச்சுத் தானே செய்தி கேட்டனாங்கள். காஞ்சா ரண்டு மூண்டு நாள் கதைக்கும். அப்பா தான் அதிலை கெட்டிக்காரர், ஓட்டுத் துண்டிலை அடுக்கிக் காவல் இருப்பார், காகம் தூக்காமல்.

நாலு பற்றறி. பின் மூடியைத் திறந்து எல்லாத்தையும் எடுத்து, கிணத்தடியிலை ஓட்டுத் துண்டிலை வைச்சன். எது எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தது எண்டு நினைவிலை வைச்சு.

அப்பா பாத்திட்டார். "உதென்ன, வடகமே?"

"பிள்ளையின்ரை பற்றறி."

கிட்ட வந்து ஓட்டை வெயிலுக்கு நேரை திருப்பி வைச்சிட்டுப் போனார்.

பின்னேரம் எடுத்தன். கையிலை சுட்டுது. போட்டன். அமத்தினன்.

வெள்ளைத் திரை. கோடும் இல்லை, ஒண்டும் இல்லை. கீழை ஒரு கோடு மட்டும் மின்னுது, ஏதாவது எழுதன் எண்டு கேக்கிற மாதிரி.

திரும்பக் கழட்டிப் போட்டன். திரும்பவும். அதே வெள்ளை.

வைகாசி 8, வெள்ளி

கோயிலுக்குப் போகேல்லை. சமைச்சது: சோறு, வாழைப்பொத்தி வறை. நான் சாப்பிடேல்லை.

அப்பா: "ஆரும் படிச்ச பிள்ளையிட்டைக் காட்டு."

"ஆரிட்டை?"

"தெரியாத மாதிரிக் கேக்கிறாய். அங்காலை ஒழுங்கையிலை இருக்கிறவள் உன்னைப் பிடிச்சுத் தின்னப் போறாளே?"

"அவள் அதைக் கேட்டா?"

"கேட்டா இல்லை எண்டு சொல்லு. வாய் இருக்குத் தானே, என்னோடை கதைக்கேக்கை நல்லா வேலை செய்யுது."

துவாயிலை சுத்திக்கொண்டு சிந்து வீட்டை போனன். படலையிலை நிண்டு திரும்புவம் எண்டு நினைக்க, அவளே கண்டிட்டாள். விசயத்தைச் சொன்னன். நாளைக்கு ரியூசன் முடிய வாறன் அன்ரி எண்டாள்.

கல்குலேற்றரைக் குடுத்திட்டு வரேல்லை. திருப்பிக் கொண்டு வந்திட்டன். அவள் ஒண்டும் நினைச்சிருக்க மாட்டாள். நினைச்சிருப்பாளோ.

வைகாசி 9, சனி

முகில். மழை இல்லை.

சிந்து வந்தாள். புதுப் பற்றறி நாலும், காசு மாதிரித் தட்டையா ஒண்டும், தானே வாங்கிக்கொண்டு.

"மோர்மிளகாயே அன்ரி வெயிலிலை வைக்க? பற்றறி எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டினாலும் நினைவைக் காக்கிறதுக்கு உள்ளை இந்தத் தட்டைப் பற்றறி இருக்கும். அது கனடாவிலையே செத்திருக்கும் போல."

"அப்ப அவள் கீறின படம்?"

புதுப் பற்றறியளைப் போட்டு மூடியைப் பூட்டி, வெள்ளைத் திரையை என்ரை பக்கம் திருப்பினாள். அதிலை விளங்கிட்டுது.

அரைவாசி அரிச்ச மா சுளகிலை கிடந்தது. ஏன் செய்தன் தெரியாது, மாவைத் தடவி விட்டு விரலாலை கீறிக் காட்டினன். நடுவிலை குறுக்கை ஒரு நேர்கோடு, அதை வெட்டிக்கொண்டு இடப்பக்கமா நிமிர ஒண்டு. முதல் கோடு கீழை இருந்து ஏறி, மலை மாதிரி வளைஞ்சு, இறங்கி வந்து நடுக்கோட்டைக் கொக்குத் தண்ணியைத் தொடுற மாதிரித் தொட்டிட்டுத் திரும்ப ஏறும். மற்றது சட்டி. மலை உச்சிக்கு நேர் கீழை நடுக்கோட்டை வெட்டும். கொக்குத் தொட்ட இடத்திலை திரும்ப வெட்டும்.

சிந்து கிட்ட வந்து குந்தினாள். "நடுக்கோட்டிலை பல்லு மாதிரிச் சின்னச் சின்னக் கோடு இருந்ததே, அன்ரி?"

"இருந்தது. நிமிர்ந்த கோட்டிலை இருந்து எண்ணினா மலை உச்சி முதலாம் பல்லுக்கு நேரை. தொட்டது மூண்டாம் பல்லு."

"உயரம்?"

"நாலு பல்லு."

ஒரு துண்டிலை ஏதோ எழுதினாள், வெட்டினாள், எழுதினாள். பிறகு கல்குலேற்றரிலை அமத்தினாள். ஒரு படம் வந்தது, நுள்ளி வைச்ச மாதிரி ஒடுங்கி.

"இது இல்லை, பிள்ளை."

"பொறுங்கோ, ஓரங்களைக் கிட்டக் கொண்டு வரோணும். அவளும் அப்பிடித் தான் செய்வாள்."

திரும்பக் கீறினாள். குஞ்சு, கோடு தானா நடந்து வந்தது. இடப்பக்கத்தாலை துவங்கி, ஏறி, வளைஞ்சு, இறங்கி. இவ்வளவு நாளும் அசையாமல் நிண்ட கோட்டைத் தான் நான் பாத்தனான். நீ நடக்கிறதைப் பாத்திருக்கிறாய். அதுக்குப் பிறகு சட்டி.

"சரியே அன்ரி?"

தலையை ஆட்டினன்.

"சட்டி மாதிரி இருக்கிறது தான் வகையீடு. மற்றக் கோடு ஏறேக்கை இது நடுக்கோட்டுக்கு மேலை, இறங்கேக்கை கீழை. உச்சியிலை ஏத்தமும் இல்லை இறக்கமும் இல்லை, அதாலை சரியா நடுக்கோட்டிலை. எவ்வளவு உயரத்திலை நிக்குது எண்டு இது சொல்லாது. எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு கெதியாப் போகுது எண்டு தான் சொல்லும். சோதினைக்கு இதைக் கொண்டு போக விடமாட்டினம், எண்டாலும் கையாலை செய்ததை இதிலை கீறிப் பாத்தாத் தான் அவளுக்கு நித்திரை வரும்."

எனக்கு ஆசுப்பத்திரிக் கட்டில் காலிலை கொழுவின பேப்பர் நினைவு வந்தது. அதிலையும் கோடு. காய்ச்சல் கோடு. அது இறங்குது எண்டு அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னன், சந்தோசமா. உள்ளுக்கை வேறை என்ன எந்தப் பக்கம் போகுது எண்டு அந்தக் கோடு சொல்லேல்லை. ஒரு கோடு மட்டும் காணாது, மற்றதும் வேணும்.

சிந்துவுக்கு இதைச் சொல்லேல்லை. தேத்தண்ணி குடுத்தன்.

குடிச்சுக்கொண்டு கேட்டாள்: "புள்ளி ஒண்டு மின்னிக்கொண்டு நிண்டதே, அன்ரி? கீறினாப் பிறகு அவள் அதைக் கோட்டிலை ஓட்டிப் பாப்பாள். எங்கை நிண்டது எண்டு சொல்லுங்கோ, அங்கையே விடுறன்."

மறந்து போச்சு எண்டன்.

வைகாசி 10, ஞாயிறு

ஒரு தூறல், நிலம் நனையேல்லை. அப்பா அச்சுவேலிச் சந்தைக்குக் குலையோடை.

சிந்து எழுதித் தந்ததை, துலைஞ்சாலும் எண்டு, பாத்து எழுதி வைக்கிறன்: x³ − 6x² + 9x.

நேற்று அவள் வெளிக்கிடேக்கை, கொண்டு போ பிள்ளை எண்டு சொல்ல வாய் வரேல்லை. பின்னேரத்திலை இஞ்சை வந்து இருந்து படி எண்டன். "வேறை கணக்குக் கீறினா இந்தப் படம் போயிடும், அன்ரி. போகேக்கை திரும்பக் கீறி விட்டிட்டுப் போறன்," எண்டாள். சரி எண்டிட்டன். நாளைக்கு வருவாள். மறந்துபோய்க் கீறாமல் விட்டிட்டுப் போனாளெண்டா.

பழைய பற்றறி நாலும் உன்ரை படத்துக்குப் பின்னாலை.

விளக்கு வைச்சாச்சு. அமத்தினன், வந்தது. கோடுகள் நல்ல கறுப்பு, நாலு எழுத்து இல்லை. மலை சரி, சட்டி சரி, கொக்குத் தொடுற இடம் சரி. புள்ளி மட்டும் இல்லை. முதல் மாசம் என்ரை கை படாமல் இருந்திருந்தா அதைச் சிந்துவுக்கு விரலாலை தொட்டுக் காட்டியிருப்பன்.

தலையிடிக்குது அம்மா எண்டு இதைக் கட்டிலிலை வைக்கேக்கை, குஞ்சு, நீ எந்தக் கோட்டிலை நிண்டனி, ஏறிற பக்கமோ, இறங்கிற பக்கமோ?