இரண்டு முறை உப்பு

பாஞ்ச் ஆற்றங்கரை,
ஆகஸ்ட் 6

அன்புள்ள அஸ்லிதீனுக்கு,

ஹோஷிம் எழுதுவது. நீ, உன் மனைவி, பெண்கள் இருவர், புது வீட்டின் வெந்நீர்க் குழாய், உன் முதுகு ஆகிய எல்லாரும் சுகமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். நான் சுகம். ஆஸ்பத்திரியின் மேற்கு வார்டுக் கூரை சுகமாக இல்லை. நீ இங்கே வேலை பார்த்தபோதும் அது சுகமாக இருந்ததில்லை. இந்த வருஷம் ஆப்ரிகாட் நல்ல காய்ப்பு. காயவைத்த பழத்தில் ஒரு பையை இந்தக் கடிதத்தோடு ஜீப்காரனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். துஷான்பே வந்து சேர்வதற்குள் அவன் தின்றது போக மிச்சம் உனக்கு.

விஷயத்தைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய். குறுக்கே பேசாமல் கேட்டால்தான் ஒருவருடைய சிந்தனை எப்படி நடக்கிறது என்று தெரியும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நீதான். அதனால் கடிதம்.

அக்டோபர் மாநாட்டில் உன் ஆய்வைப் பற்றிப் பேசப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். வாழ்த்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

நஸர்ஷோ என்ற பெயர் உனக்கு நினைவிருக்காது. ஏப்ரலில் உன் மருத்துவக் கமிஷனுக்கு வந்த நூற்றுச் சொச்சம் காகிதங்களில் அவனும் ஒருவன். இருபத்தாறு வயது, மேல்கிராமத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பனிக்காலத்திலிருந்து, பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர்க் குழாயிடம் நின்றுகொண்டிருக்கிறான் என்று அவன் அம்மா மார்ச்சில் கூட்டிவந்தாள். தாஜிக் மொழியில் பாடம் நடத்திய பையன். நோய் வந்தபின் தாய்மொழியான வாகியைத் தவிர வேறெதுவும் அவன் வாயில் வரவில்லை. ஒன்பது வருஷத்தில் வாகி மொழியில் எனக்கு நலம் விசாரிக்கவும் நாயை விரட்டவும்தான் தெரியும். எனவே வழக்கம்போல நர்ஸ் தவ்லத்மோ பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். நான் வழக்கம்போல எழுதினேன்: "சிந்தனை ஓட்டம் சீரானது, நேரானது; கேட்ட கேள்விக்கு வந்து சேர்கிறது." நீ வழக்கம்போலக் கையெழுத்திட்டாய்.

அன்றிலிருந்து நஸர்ஷோ அரசாங்கக் கணக்கில் தெளிந்த புத்தி உள்ளவன். ஆகவே அவன் செய்வதெல்லாம் ஒழுங்கீனம். மே மாதத்தில், நான்கில் ஒன்று போனால் மூன்று என்று இரண்டாம் வகுப்புக்குக் காட்டுவதற்காக ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி வெளியே வைத்திருக்கிறான். விடை சரிதான். தலைமையாசிரியர் எனக்கு எழுதியிருக்கிறார்: நோயாளி ஒருவர் இதைச் செய்தால் வருந்தலாம், தெளிந்த புத்தி என்று கமிஷனே சான்று கொடுத்த ஒருவர் செய்தால் அது திமிர், செப்டம்பர் முதல் தேதி அவர் வேலையில் இருக்கமாட்டார். தலைமையாசிரியரின் சிந்தனை ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சான்றிதழ் மாறினால் எல்லாம் மாறும். நோயாளி என்று கமிஷன் எழுதினால் விடுப்பு, இங்கே ஒரு கட்டில், மருந்து எல்லாம் கிடைக்கும். திரும்பிப் போக வேலையும் இருக்கும். ஜூலையில் அவனை மறுபடி வரவழைத்தேன்.

அந்த வாரம் தவ்லத்மோ அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டும் கதம்ஷோவும் வாகிக்காரன்தான். அவனை உட்காரவைத்து உன் தேநீர்க் கேள்வியைக் கேட்டேன். பழமொழிக்குப் பொருள் கேட்கும் பழைய முறையை ஒழித்து, "ஷிர்ச்சாய் எப்படிப் போடுவீர்கள்?" என்று நீ கொண்டுவந்தாயே, அதே கேள்வி. பால், தேயிலை, உப்பு, வெண்ணெய். இந்த மலையில் தினம் காலையில் எல்லா வீட்டிலும் கொதிப்பது. ஒருவர் அதை வரிசையாகச் சொல்கிறாரா, சுற்றிப் போனாலும் கோப்பைக்கு வந்து சேர்கிறாரா, பாதியில் வேறெங்கோ இறங்கிவிடுகிறாரா என்று பார்த்தால் போதும். நல்ல கேள்வி. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

நஸர்ஷோ வெகுநேரம் பேசினான். கதம்ஷோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னான்: "தண்ணி வைக்கணும்ங்கிறான் டாக்டர். தண்ணி குழாய்ல வருதாம். குழாய் இரும்பாம். இரும்புன்னா அவங்க அண்ணன் பூட்ஸ்ல இருக்கிற லாடமாம். பூட்ஸ் ரஷ்யாவுக்குப் போயிடுச்சாம். ரஷ்யாவுல கதவெல்லாம் தானா மூடுமாம். அதனால பிள்ளைங்களை எண்ணி வைக்கணுமாம். அவ்வளவுதான்."

தேநீர் எங்கே என்று கேட்டேன். "அது எனக்கெப்படித் தெரியும்? அவனில்ல போடறான்" என்றான்.

ஒழுங்காக மொழிபெயர்க்கத் தெரியாவிட்டால் எழுந்து போ என்று சத்தம் போட்டேன். போகும்போது வாசலில் நின்று, "நான் வண்டியில ஏத்தினதை ஏத்தின மாதிரியே இறக்குறவன் டாக்டர். நடுவழியில பிரிச்சு மடிச்சு அடுக்கிற வேலையெல்லாம் நமக்கு வராது" என்றான். குறிப்பேட்டில், மொழிபெயர்ப்பாளர் தகுதியற்றவர் என்று எழுதிவைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. நீ வந்தால் காட்டுகிறேன்.

தவ்லத்மோ திரும்பி வந்தாள். அதே பையன், அதே கேள்வி. அவன் பேசி முடிப்பதற்குள் ஓர் ஈ ஜன்னல் சட்டத்தை முழுக்கச் சுற்றிவந்துவிட்டது. அவள் சொன்னது ஐந்தே வாக்கியம். தண்ணீர் கொதித்ததும் தேயிலையும் உப்பும் போட வேண்டும்; பால் ஊற்ற வேண்டும்; பால் பொங்கியதும் மறுபடி கொஞ்சம் உப்பு; இறக்கி வெண்ணெய்; பிறகு ரொட்டியைப் பிய்த்துப் போட வேண்டும். எவ்வளவு நேர்த்தி என்று மகிழ்ந்து எழுதிக்கொண்டே என் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

வார்டில் காலைத் தேநீர் போடுவது தவ்லத்மோதான். நீ ஐந்து வருஷமும் நான் ஒன்பது வருஷமும் அதைக் குடித்திருக்கிறோம். உப்பு அதிகம் என்று இருவருமே தினம் முனகியிருக்கிறோம். அவளும் தினம் அதே பதிலைச் சொல்லியிருக்கிறாள்: "எங்கம்மா ரெண்டு தடவை போடுவாங்க டாக்டர். எனக்கும் கை பழகிடுச்சு."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பழைய நோயாளிக் குறிப்புகள் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். அவள் மொழிபெயர்த்த நோயாளிகள் உன் காலத்தில் முப்பத்தேழு, என் காலத்தில் இருபத்தாறு. அறுபத்து மூன்று பேரும் உப்பை இரண்டு முறை போட்டிருக்கிறார்கள். இதய டாக்டர் உப்பே கூடாது என்று சொல்லிவைத்திருந்த சுங்க அதிகாரி போட்டிருக்கிறார். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத மேய்ப்பர் ஒருவர் போட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் எத்தனை முறை என்று கதம்ஷோவைக் கேட்டேன். "ஒரு தடவைதான். ரெண்டு தடவை போட்டா ஆடுகூட மூஞ்சைத் திருப்பிக்கும்" என்றான்.

உன் ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று பள்ளத்தாக்குகளிலும் செய்முறை மாறவில்லை, உப்பை இருமுறை சேர்க்கும் நுட்பம்கூட மாறவில்லை, ஆகவே இம்மக்களின் சிந்தனை ஒழுங்கு நோயிலும் குலைவதில்லை என்று முடித்திருக்கிறாய். மலைக்காற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறாய். அஸ்லிதீன், பதினான்கு வருஷமாக நாம் ஒரே ஆளை அறுபத்து மூன்று முறை பரிசோதித்திருக்கிறோம். அவளுடைய சிந்தனை ஓட்டம் மிகச் சீரானது. அதற்கு எந்தக் கமிஷன் முன்னாலும் சான்று சொல்வேன்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. "சட்டைப் பொத்தானைப் போடாம ஒருத்தர் வாசலுக்கு வந்துட்டா, நாலு பேர் பாக்கறதுக்கு முன்னாடி போட்டுவிட மாட்டீங்களா டாக்டர்? அதைத்தான் செஞ்சேன். வெளியே பெஞ்சுல அவங்கவங்க அம்மா உக்காந்திருக்காங்க. உள்ளே நான் எப்படி அதையெல்லாம் உதறிக் காட்டறது?" என்றாள். அது பொய்யல்லவா என்றேன். கோபம் வந்துவிட்டது. "பொய் என்ன பொய்? அந்தப் பிள்ளை என்ன நெனைக்குதுன்னுதானே கேட்டுச் சொல்லச் சொன்னீங்க? டீ போடணும்னு நெனைச்சுது, சொன்னேன். எப்படி நெனைக்குதுன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. நீ கேட்டாயா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மூன்றாம் முறை உட்கார்ந்தோம். அவன் சொல்வதைச் சொன்னபடியே, அவன் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, பொத்தான் எதையும் போடாமல் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். சரக்குப் பட்டியல் வாசிப்பவள் போலச் சொன்னாள். குழாய், இரும்பு, பூட்ஸ், ரஷ்யா, தானாக மூடும் கதவு. கதம்ஷோ சொன்னதேதான். நடுவில் நஸர்ஷோ பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். பிறகு அவளிடம் ஏதோ கேட்டான். அவள் மொழிபெயர்க்கவில்லை. சொன்னபடியே சொல்வதாக ஒப்புக்கொண்டோமே என்று நினைவூட்டினேன். சொன்னாள்: "அக்கா, ஏன் இன்னிக்கு நல்லாச் சொல்ல மாட்டேங்கிறீங்க? எனக்கு தாஜிக் புரியும். நீங்க சொல்றப்ப எல்லாம் வரிசையா இருந்துச்சு. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அதான் இல்லைன்னு சொல்லலை."

இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று நம் படிவத்தில் இடம் இல்லை. தன் நோயை அறிந்திருத்தல் என்ற கட்டத்தில் "உண்டு" என்று எழுதியிருக்கிறேன்.

புது அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் கமிஷன் தலைவர் கையெழுத்திட வேண்டும். முந்திய பரிசோதனை ஏன் தவறியது என்ற காரணத்தையும் அதிலேயே எழுதவேண்டியிருந்தது, எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மீதி அறுபத்திரண்டு பேரின் பட்டியல் தனித்தாளில். இருவர் இறந்துவிட்டார்கள். எப்படி என்று இன்னும் விசாரிக்கவில்லை.

காகிதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் பள்ளிக்கு வந்து சேர வேண்டும். இதே ஜீப்காரன் இருபத்து மூன்றாம் தேதி அங்கிருந்து கிளம்புகிறான். உன் முதுகு எப்படியிருந்தாலும், வலது கை நலமாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஹோஷிம்


பாஞ்ச் ஆற்றங்கரை,
அக்டோபர் 19

அன்புள்ள அஸ்லிதீனுக்கு,

இருபத்தைந்தாம் தேதி மதியம் காகிதம் வந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில் கையெழுத்து இருந்தது. உறையைக் குலுக்கிப் பார்த்தேன், கடிதம் இல்லை. கையெழுத்தை மட்டும் கேட்டிருந்தவன் நான்தான். முதுகுவலியால் மாநாட்டுக்கு நீ போகவில்லை என்று பிறர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வெந்நீர் ஒத்தடம் நல்லது.

தலைமையாசிரியர் உடனே பணிந்தார். காகிதத்துக்குப் பணிவது அவர் இயல்பு. நஸர்ஷோவின் வேலை அவன் பெயரிலேயே இருக்கிறது. அவன் வகுப்பைத் தற்காலிகமாகத் தலைமையாசிரியரே எடுக்கிறார். பிள்ளைகள் பழைய வாத்தியாரைக் கேட்கிறார்களாம். கழற்றிய கண்ணாடியை மாட்டிவிட்டார்கள்.

கிழக்கு வார்டில் ஏழு வாரமாக மருந்து சாப்பிடுகிறான். சாப்பாடு இறங்குகிறது. கை லேசாக நடுங்குகிறது, அளவைக் குறைத்திருக்கிறேன். அவன் அம்மா வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லா நோயாளிகளுக்கும் காலுறை பின்னுகிறாள். எனக்கும் ஒரு ஜோடி கிடைத்தது. இரண்டு கால்களும் ஒரே அளவில் இல்லை.

பட்டியலில் உயிரோடு இருக்கும் அறுபது பேரில் பத்தொன்பது பேரைக் கதம்ஷோவோடு போய்ப் பார்த்துவிட்டேன். தவ்லத்மோவும் வந்தாள். பன்னிரண்டு பேர் நலம். ஏழு பேரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். மேல்பாதையில் நேற்று பனி விழுந்துவிட்டது. மீதி நாற்பத்தோரு பேருக்கு வசந்தம்வரை காத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நஸர்ஷோவிடம் தேநீர்க் கேள்வியை மறுபடி கேட்டேன். தாஜிக் மொழியில் இரண்டு வாக்கியம் அவனே சொன்னான். பிறகு வாகிக்குப் போய்விட்டான். பேச்சிலேயே தண்ணீர் வைத்தான். குழாய்க்குப் போனான், இரும்பைத் தொட்டான். அண்ணனின் பூட்ஸ் வரைக்கும் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றான். நான் பேனாவை அசைக்காமல் காத்திருந்தேன். திரும்பி வந்தான். தேயிலை போட்டான், பால் ஊற்றினான், இறக்கி வெண்ணெய் போட்டு, ரொட்டியைப் பிய்த்து, கோப்பையை எனக்கு முன்னால் வைத்தான். உப்பே போடவில்லை. உப்பு வர வேண்டிய இடத்தில் தவ்லத்மோவின் உதடு ஒரு முறை அசைந்தது. பிறகு மூடிக்கொண்டாள்.

சொன்னபடியே எழுதிக்கொண்டேன்: சுற்றிப் போகிறது, வந்து சேர்கிறது, உப்பு இல்லை.

வார்டுத் தேநீரில் அவளும் இப்போது ஒரு முறைதான் உப்புப் போடுகிறாள். குடிக்க ஒன்றும் நன்றாக இல்லை. ஏப்ரலில் பாதை திறக்கும். அந்த நாற்பத்தோரு பேரில் முப்பது பேர் உன் காலத்தவர்கள். உன் முகம் தெரிந்தவர்கள். ஆம்புலன்ஸில் முன் இருக்கை முதுகுக்கு நல்லது. கதம்ஷோ தன் பக்கத்தில் அதை உனக்காகக் காலியாக வைக்கச் சம்மதித்திருக்கிறான். ஏறியதை ஏறியபடியே கொண்டுவந்து இறக்கிவிடுவான். நீயும் உன் வீட்டாரும் பனிக்காலத்தைச் சுகமாகக் கடந்து வர வேண்டும்.

உன்னை எதிர்பார்க்கும்,
ஹோஷிம்