சட்டை தைக்க முடிந்தால் டால்

புதுச்சேரி,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள்

என் அருமை நெட்டை மச்சானுக்கு,

நாளைக்கு உப்பளம் கல்லறைக்கு உன்னைப் பார்க்க வருகிறோம். உன் செசீலியும் மகள் ரோசாலியும் மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்து வைத்துவிட்டார்கள். அங்கே ஊரே கூடியிருக்கும், உன்னிடம் நாலு வார்த்தை நிம்மதியாகப் பேச முடியாது. அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும், நமக்குள் என்ன ரகசியம்?

முதலில் நல்ல சேதி. நம் தையல் கடை திறந்திருக்கிறது. போன மழையில் விஷஜுரம் உன்னைக் கொண்டுபோன பிறகு, அது மூடப்படும் என்றுதான் நானே நினைத்திருந்தேன்.

உன் அண்ணன் வந்து உட்கார்ந்து சொன்னார்: "கடைய வாடகைக்கு வுட்டுடலாம் லூர்து. நீ எங்கனா வேல தேடிக்க. செசீலி வூட்டோட இருக்கட்டும். கூடலூர் தொரைங்க வந்தா இங்கிலீஷ் பேச யார் இருக்கா?" அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. இங்கே பிரெஞ்சு ஊரில் துணி மலிவு என்று கூடலூரிலிருந்து எல்லை தாண்டி வரும் இங்கிலீஷ் வெள்ளைக்காரர்களை நம்பித்தான் கடையே ஓடியது. அவர்களோடு பேசியவன் நீ. நான் வெட்டிக் கொடுப்பவன். எனக்குத் தெரிந்தது அரைகுறை பிரெஞ்சு, அதுவும் முசியேமார்களுக்குக் கால்சட்டை அளவெடுக்கிற மட்டும்தான்.

திரைக்குப் பின்னால் பொத்தான் கட்டிக்கொண்டிருந்த செசீலி குரல் கொடுத்தாள்: "அடுத்த மழ வரைக்கும் பொறுங்க மாமா. அதுக்குள்ள தொரைங்க யாரும் வரலன்னா பூட்டிடலாம்." என் தங்கை அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நீ கேட்டிருக்கிறாயா?

நம்முடைய முதல் வெள்ளைக்காரன் நினைவிருக்கிறதா? கடை வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தானே, பனைமரம் மாதிரி? நீயும் தினம் இடித்துக்கொள்கிறவன் என்பதால் பாசம் பொங்கி, "சார், யூ வெரி ஹை" என்றாய். அவன் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். ஏதாவது முக்காலிமேல் ஏறி நிற்கிறோமோ என்று அவனுக்கே சந்தேகம். பிறகு சிரித்துக்கொண்டே, ஆளின் உயரத்துக்கு ஹை இல்லை, டால் என்றுதான் சொல்ல வேண்டும் என்று புரியவைத்தான்.

அதோடு உன் தூக்கம் போயிற்று. நமக்கு ஆளும் உயரம், சுவரும் உயரம், பட்டமும் உயரம். இவனுக்கு ஏன் இரண்டு வார்த்தை? "பிரெஞ்சிலும் ஆளுக்குக் கிரான், சுவருக்கு ஓ" என்று நான் உதவிக்கு வந்தேன். "ஒன் ஓ-வ நீயே வச்சிக்க" என்றாய்.

கடற்கரையில் விளக்குக் கோபுரத்துக்குக் கீழே நின்றபோதுதான் உனக்குப் புத்தி வந்தது. "மச்சான், இதுக்குச் சட்ட தைக்கலாமா?" என்று கேட்டாய். தைக்கலாம், நீளமாக ஒன்று, பொத்தான் நிறைய வேண்டும். "அப்ப டால்." தென்னைக்குத் தைக்கலாம், டால். கடலுக்குள் நீளும் பாலத்துக்கு அப்பால் நின்ற கப்பலின் பாய்மரத்துக்கும் தைக்கலாம், டால். சுவருக்குத் திரைதான் போடலாம், மலைக்குப் போர்வைதான் போர்த்தலாம், அதெல்லாம் ஹை. மேகத்துக்கு ஒன்றுமே முடியாது, அதுவும் ஹை. உலகத்தில் தையற்காரனைத் தவிர எவனுக்கு இப்படித் தோன்றும்? அதன் பிறகு கடற்கரைக்குப் போன சாயங்காலமெல்லாம் எதற்குச் சட்டை, எதற்குத் திரை என்று கத்திக்கொண்டே நடப்போம். பின்னால் ரோசாலியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த செசீலி அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது நம் இருவருக்குமே தெரியாமல் போனது.

போன மாசம் வரைக்கும் ஒரு துரையும் வரவில்லை. வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது. உன் அண்ணன் ஒரு மளிகைக்காரரைக் கடை பார்க்க அழைத்து வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் வந்து நின்றது. அதே பனைமரம்! இந்தத் தடவை மறக்காமல் குனிந்து வந்தான். கூடவே அவன் பெண்சாதி, அவளும் குனிந்துதான் வந்தாள். உன்னைத் தேடினான். நான் மாலை போட்ட படத்தைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். எனக்கோ இங்கிலீஷ் வராது. அவர்கள் திரும்பிவிடப் பார்த்தார்கள்.

செசீலி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வெள்ளைக்கார மதாமை மேலும் கீழும் பார்த்தாள். "மேடம் டால்," என்றாள். தன் கழுத்தில் கை வைத்து, "காலர் ஹை. குட்" என்றாள். அந்த அம்மாள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கூடலூரில் நடனத்துக்குப் போட்டுக்கொள்ளத் தரையைத் தொடும் கவுன் ஒன்று வேண்டுமாம். அளவுநாடா செசீலி கைக்குப் போயிற்று.

கீழ்விளிம்புக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். மதாம் தட்டைச் செருப்பு போட்டிருந்தாள். நடனத்துக்குக் குதி தூக்கிய சப்பாத்து போடுவாளோ என்னவோ, கேட்காமல் வெட்டினால் அன்றைக்குக் கவுன் கணுக்காலுக்கு மேலே நிற்கும், கடை பேரும் அதோடு போகும். அந்தக் குதியை எப்படிச் சொல்வது? "அண்ணே," என்று என் காதில் கிசுகிசுத்தாள், "குதிக்கு ஒரு சின்னச் சட்ட தைக்கலாம் போல இருக்கே. டாலா?" உன் சூத்திரம் அங்கே தையல் விட்டுப்போனது, மச்சான். உன் அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு நுனிக்காலில் எழும்பி நின்று, "மேடம், டான்ஸ்... ஷூ ஹை?" என்றாள். "யெஸ், ஹை ஹீல்ஸ்!" என்று மதாம் கைதட்டினாள். விளிம்பைக் குதி அளவுக்கு இறக்கிக் குறித்தோம்.

அவர்கள் போன பிறகு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தன் கால்ல நிக்கிறதுக்குத்தான் ரோசாலி அப்பா சட்ட தைக்கச் சொன்னாரு. குதி எங்க தன் கால்ல நிக்குது? ஆளத் தூக்குது, அவ்ளோதான்." நீ இருந்திருந்தால் இதை ஒத்துக்கொண்டிருப்பாயா, இல்லை விடிய விடிய சண்டை போட்டிருப்பாயா?

உன் அண்ணன் மளிகைக்காரரை அனுப்பிவிட்டார். போகும்போது, "செசீலி, எனக்கு ஒரு கோட்டு தைக்கணும். முன்னாடியே பணம் குடுத்துட்டுப் போறேன், தாமசம் ஆகக்கூடாது" என்றார். அவருக்கு மன்னிப்புக் கேட்பதெல்லாம் அவ்வளவுதான் வரும். கவுன் எடுக்க வந்த மதாம் இரண்டு சிநேகிதிகளையும் கூட்டி வந்தாள்.

இப்போது உன் மெஷினில் செசீலி உட்காருகிறாள். மிதிக்கிற சத்தம் கேட்டு நீதான் என்று இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். முதல் நாள் பார்த்துவிட்டுக் கொல்லையில் போய் அழுதேன். துக்கம்தான், ஆனால் அதில் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ரோசாலி உன்னை மாதிரியே வளர்கிறாள். கோயில் வாசலில் பெண்கள், "இப்படி வளந்தா மாப்பிள்ளைக்கு எங்க போறது?" என்கிறார்கள். "வளரட்டும்" என்கிறாள் செசீலி. போன வாரம் வாசற்படியில் ஏறி நின்றபோது அவள் தலை ரிப்பன் நிலையில் உரசியது. ஒரே குதியாட்டம்.

"மாமா, நான் டாலா ஹையா?"

"டால்."

"அப்பா?"

மேலே கையைக் காட்டி ஹை என்று சொல்லியிருக்கலாம், கோயிலில் அப்படித்தானே சொல்கிறார்கள். ஆனால் உன்னைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தபோது போட்ட வெள்ளைச் சட்டையை வெட்டியவன் நான், தைத்தவள் செசீலி.

"அப்பாவுக்கு நாங்க சட்ட தச்சிருக்கோம்மா," என்றேன். "டால்தான்."

நாளைக்குக் கல்லறையில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்ல வராது, அதனால் இங்கே வாக்குக் கொடுக்கிறேன். மழை விட்டதும் தச்சனை வரவழைத்து நிலையைப் பிடுங்கி மேலே ஏற்றப்போகிறேன். உன் பெண் எவ்வளவு டாலாக வேண்டுமானாலும் வளரட்டும். அவள் நம் கடைக்குள் குனியாமல் வர வேண்டும். வாசலை ஹை ஆக்குவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் செசீலியின் அண்ணன், உன் ரோசாலியின் தாய்மாமன்,
அந்த நிலையில் ஒருநாளும் தலை இடிக்காத உன் குள்ள மச்சான்
லூர்து