கால் கிலோ கொழுப்பு

ஜூன் 2, 2024, ஞாயிறு

இன்று அடுப்படியில் இருந்தவர்கள்: நான், என் மகன் செல்வகுமார், மருமகள் ஹேமலதா, பேத்தி நந்தினி. கறி அரைத்துக்கொண்டு வந்த தெருமுனைக் கறிக்கடை நயீம் அகமதுவும் டீ குடித்து முடிக்கும்வரை இருந்தான். பிற்பாடு நான் இல்லை, நீ இல்லை என்று யாரும் பேசக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நந்தினிக்கு ஆக்ராவில் ஷூ கம்பெனி வேலை. ஹாஸ்டலில் கறி கிடையாது. பெண்ணுக்கு உடம்பில் ரத்தம் எட்டு பாயிண்ட்தான். அங்கே மயங்கி விழுந்தால் வேலையை விட்டு வரவேண்டியதுதான். கைமாவைக் காயவைத்துக் கொடுத்தால் வருஷத்துக்கும் கெடாதாம். வெந்நீரில் ஊறப்போட்டால் போதுமாம். அதற்கு ஹேமலதா ஒரு மிஷின் வாங்கியிருக்கிறாள். ஆம்பூர் வெயில் அவளுக்குப் போதவில்லை.

மூன்று கிலோவை வேகவைத்து, வெந்நீர் ஊற்றி மூன்று தடவை அலசினாள்.

"கொழுப்பு இருந்தா காறிப்போயி வாடை அடிச்சிடும் அத்தை."

என் கண்ணெதிரே ருசியெல்லாம் சாக்கடையில் போனது. இவள் கல்யாணத்தில் அவர்கள் வீட்டார் போட்ட பிரியாணியும் இப்படித்தான், சப்பென்று. 1998, ஆவணி. நான் மறக்கவில்லை.

அவள் மாடியில் துணி உலர்த்தப் போனாள். நான் நயீம் கடைக்குப் போய்க் கால் கிலோ கொழுப்பு வாங்கி வந்து, உருக்கிக் கலந்துவிட்டேன். தட்டில் பரப்பும்போது, "இன்னா இது, மினுமினுன்னு இருக்கு?" என்றாள். நல்ல கறி அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஜூன் 9

நந்தினி கிளம்பினாள். நாலு பாட்டில். "சூப்பரா இருக்கு ஆயா" என்று ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே தின்றாள். நான் ஹேமலதாவைப் பார்த்தேன்.

ஜூன் 30

நந்தினி போன். "பாட்டில தொறந்தா ஒரே காறல் வாடை ஆயா. நாலையும் கொட்டிட்டேன். நேத்து கம்பெனில தலை சுத்தி உக்காந்துட்டேன்."

செல்வகுமார் குதித்தான். "பாய் பழைய கறிய அரைச்சுக் குடுத்துட்டாரு!" நேரே கடைக்குப் போய்ப் பத்துப் பேர் முன்னால் கத்திவிட்டு வந்தான். நயீம் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம்.

நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சீரியல் என்று கேட்டால் தெரியாது.

ஜூலை 1

நயீம் கடை வழியாகப் போகாமல் பின் தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பால் வாங்கி வந்தேன்.

ஜூலை 4

கடைக்குப் போனேன்.

"நயீமு, கொழுப்பக் கலந்தது நான்தான்."

"தெரியும்மா. எங்கிட்டதான வாங்கினு போனீங்க."

"அப்ப ஏன்டா வாயத் தொறக்கல?"

"பெத்தவங்கள புள்ளைகிட்ட மாட்டி வுடுவாங்களா? வுடுங்கம்மா, பேஜாரு." கத்தியைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறான்!

ஜூலை 7

சாப்பிடும்போது வீட்டில் சொல்லிவிட்டேன். கொழுப்பு, உருக்கியது, கலந்தது, எல்லாம். செல்வகுமார் கையைக் கழுவிக்கொண்டு நயீமிடம் மன்னிப்புக் கேட்கப் போனான். திரும்பி வந்து என்ன சொன்னான் தெரியுமா?

"இன்னாம்மா நீ? உங்கம்மா என்னைக் காப்பாத்தப் பாக்கறாங்க, கறி என் தப்புதான்னு பாயே சொல்லிட்டாரு."

"அத்தைக்கு எவ்ளோ நல்ல மனசு" என்றாள் ஹேமலதா. இருபத்தாறு வருஷத்தில் இவள் என்னைப் பாராட்டிய முதல் நாள் இதுதான்.

எத்தனை சத்தியம் செய்தாலும் நம்பமாட்டேன் என்கிறார்கள். வேறு கடையில் கறி வாங்கி வந்தார்கள். மறுபடி மூன்று தடவை அலசினாள். வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். ஒரு சொட்டுக் கொழுப்பு நிற்க விடவில்லை.

ஆகஸ்ட் 18

நந்தினிக்கு ரத்தம் பத்தரை. பார்சலில் அனுப்பிய இரண்டாவது கைமாவில் இன்றுவரை வாடையில்லை. லீவு போடாமல் வேலைக்குப் போகிறாள்.

அந்தச் சந்தோஷத்தில் செல்வகுமார் பழையபடி நயீம் கடையில் கறி எடுத்து வந்தான். "போனா போவுதும்மா, பாயை மன்னிச்சுட்டேன்" என்று பெரிய மனுஷன்போல் சொல்கிறான்.

எழுபத்து மூன்று வயதில் ஒரே ஒரு தப்பை ஒத்துக்கொண்டேன். அதையும் இந்த வீட்டில் பொய்யாக்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து சலாம் வைக்கிறான். என் மகன் மன்னிக்கட்டும். நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன், அந்த நயீம் அகமதுவை.