மூன்று பிடி மண்

பிலடெல்பியா
12-10-1961

அன்புள்ள அம்மாவுக்கு, பீர் ஒலியின் ஸலாம். அத்தா போனபின் இத்தாவில் வீட்டோடு இருக்கும் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அத்தா மவுத்தான தந்தி வந்த மூன்றாம் நாள், என் தோல் பதனிடும் படிப்புக்குப் பணம் தரும் தர்மத்தின் ஆண்டு விழா. அதை எழுதிவைத்தவர் நூறு வருஷத்துக்கு முந்திய பெரிய பாங்கர். அரசாங்கத்துக்கே கடன் திரட்டிக் கொடுத்தவர், பிள்ளை இல்லாதவர். உதவி பெறும் மாணவன் அவர் கல்லறை முன்னால் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க வேண்டும்.

வாசித்தேன். "ஊர்ப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக நினைத்தார்" என்ற வரிக்கு வந்தபோது, "நீ வார வரைக்கும் நான் எங்கிட்டும் போயிற மாட்டேன்டா" என்று ஸ்டேஷனில் அத்தா சொன்னதுதான் காதில் கேட்டது. என்னை அறியாமல் குனிந்து, நம் கபரஸ்தானில் அடக்கும்போது போடுவதுபோல் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டேன். அழகான வழக்கம் என்று பெரியவர்கள் கைதட்டினார்கள். சிரிக்காதீர்கள் அம்மா.

என் தொப்பி கிழிந்துவிட்டது. அத்தாவுடையதை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரம். ஒன்று மட்டும் எழுதுங்கள்: அங்கே என் மூன்று பிடியை யார் போட்டார்கள்?

மகன்,
பீர் ஒலி