நீ வராத ஜனாஸா

அலுவலகத்துப் பழைய அலுமாரியை மாற்றுகிறார்கள். உள்ளே கிடப்பதைப் பிரித்து வைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கறையான் தின்ற டெங்கு அறிவித்தல்கள், காலாவதியான கையுறைப் பெட்டிகள், யாரும் போடாமல் மடித்தபடியே கிடந்த வெள்ளைப் பாதுகாப்பு உடுப்புகள். எல்லாவற்றுக்கும் அடியில் உன் கடுதாசி, கோடு போட்ட கொப்பித்தாளில், உன் கோணல் எழுத்தில்.

"மேற்படி வீரர்களாகிய நாங்கள் ஒருவரை ஒருவர் தொடாமல் உதைபந்து விளையாடுவோம் என்று இத்தால் உறுதி தருகிறோம்."

கீழே சிவப்பு மையில் என் எழுத்து: அனுமதி மறுக்கப்பட்டது.

தொடாமல் உதைபந்து! எப்படியடா அதை எழுத உனக்குக் கை வந்தது? இத்தனை வருஷம் கழித்து, நீ கபுறுக்குழிக்குள் போன பிறகும், அதை வாசிக்கும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. பக்கத்து மேசை மிஸ் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, பழைய கடிதம் என்றேன்.

பள்ளிக்கூடத்து அணியில் நீ கோல் கீப்பர். உனக்கு முன்னால் இடது பக்கத்தில் தடுப்பு ஆடியவன் நான். நான் மன்னாரிலிருந்து நாலு வயதில் உம்மாவின் இடுப்பில் வந்திறங்கிய அகதிப் பிள்ளை. நீ கற்பிட்டிக் கரையில் பிறந்து வளர்ந்தவன். நான் விட்ட பந்தையெல்லாம் நீ பாய்ந்து பிடிப்பாய், பிறகு எழும்பி வந்து என்னை ஏசுவாய். நான் படித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆனேன். நீ கொழும்புக் கழகமொன்றுக்குக் கீப்பராகப் போனாய். பதினொரு வருஷம் அதுதான் உன் தொழில். ஊரில் என்னை, சிங்களத்தில் ஐயா என்பதுபோல, 'பீ.எச்.ஐ மாத்தயா' என்பார்கள். நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய், என்னைக் கடுப்பேற்ற வேண்டுமென்றால் மட்டும்.

கொரோனாவில் போட்டிகள் நின்று நீ ஊரோடு இருந்தபோது, அந்தக் கடுதாசியோடு வந்த நாள் நினைவிருக்கிறது. என் மேசைக்கு முன்னால் பொலித்தீன் தாள் தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாய்.

"மீன் வாடி தொறந்திரிக்கு. உப்பளத்துல ஆள் நிக்கிது. கார்மென்டுக்கு பஸ் நிறையப் பிள்ளையள் போகுது. எங்கட பந்துல மட்டுந்தானா கொரோனா ஒட்டியிரிக்கு?"

"அதெல்லாம் தொழில், மச்சான். இது விளையாட்டு."

நீ பொலித்தீன் தாளுக்குக் கிட்ட வந்தாய்.

"பதினொரு வருஷம்," என்றாய். "இது விளையாட்டு எண்டு நீயா சொல்ற?"

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன்.

பிறகு நீ உச்சமுனைத் தீவில் பயிற்சி எடுக்கிறாய் என்று கதை வந்தது. வள்ளம் பிடித்து, உச்சி வெயிலில், அந்த வெள்ளை உடுப்பையும் மாட்டிக்கொண்டு களப்பைத் தாண்டி வந்தேன். ஒரு கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். மணலில் இரண்டு கம்பு நட்டிருந்தது. நடுவில் நீ. இருபது அடி தள்ளி உன் சாச்சாவின் மகன், பந்தை வைத்துக்கொண்டு. வேறு ஒரு ஆள் இல்லை. அந்தத் தீவுக் கரையில் உன்னைவிடத் தனியாக நின்ற மனிதன் இலங்கையிலேயே இருந்திருக்க மாட்டான். ஆனால் அத்தனை தூரம் வந்துவிட்டேனே! வெறுங்கையோடு திரும்ப முடியாமல் பந்தைப் பறித்தேன்.

"பந்தையும் பதினாலு நாள் அடைச்சி வைப்பியா?" என்று கேட்டாய். உன் சாச்சாவின் மகன் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான். வள்ளம் ஓட்டியவரும் சிரித்தார். மறுநாளே பந்தைக் கொடுத்தனுப்பினேன். அதற்காக நீ எனக்கு நன்றி சொல்லவில்லை, 'காத்து குறைஞ்சிரிக்கு' என்று செய்தி அனுப்பினாய்.

கொழும்பில் போட்டி தொடங்கப் போகிறது, பார்வையாளர் இல்லாமல், வீரர்களை ஹோட்டலில் அடைத்து வைத்து, என்ற அறிவிப்பு வந்தபோது எனக்கு ஆத்திரம். நான் வீடு வீடாகப் போய்ச் சனங்களை உள்ளே இருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். கலியாணத்துக்குப் பத்துப் பேர் என்றால் பத்துப் பேர்தான் என்று மாப்பிள்ளையின் மாமாவையே வாசலில் நிறுத்தியிருக்கிறேன். அங்கே இருபத்திரண்டு பேர் வியர்வையும் மூச்சும் மோத ஓடலாமாம். தொலைபேசியில் உன்னோடு சண்டை பிடித்தேன். போகாதே என்றேன்.

"முப்பத்தி நாலு வயசு," என்றாய். "இந்த வருஷம் நான் நிக்காட்டி அடுத்த வருஷம் அந்த எடத்துல வேற ஆள் நிப்பான். ஒனக்கு வெளங்காது, ஒனக்கு அறுவது வயசு வரைக்கும் கதிரை இரிக்கு."

"சரி, போ. போட்டி முடியுமட்டும் ஊருக்கு வராதே. வாப்பாட நெஞ்சு ஒனக்குத் தெரியும்தானே."

"ஓம்," என்றாய். அந்த விஷயத்தில் மட்டும் நீ என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை.

போட்டி தொடங்கி ஐந்தாவது வாரத்தில் உன் வாப்பா மௌத்தானார். கொரோனா இல்லை, அவருடைய பழைய ஆஸ்துமாதான். ஆனால் அந்த மாதங்களில் யார் மௌத்தானாலும் பரிசோதனை முடிவு வரும் வரை மையத்தை, அந்த உடலை, வீட்டாரிடம் விடமாட்டார்கள். முடிவு வேறு மாதிரி வந்தால் அடக்க விடமாட்டார்கள், எரித்துவிடுவார்கள். உனக்கு மூத்த நானா ஆஸ்பத்திரி வாசலில் நிலத்தில் குந்தியிருந்தார். நானும் நின்றேன். என்னைப் பார்த்துச் சில பேர் எச்சில் துப்பினார்கள். நான்தான் எரிக்கச் சொல்லி எழுதுகிறவன் என்பது போல. முடிவு வந்தது. தொற்று இல்லை. உன் நானா எழும்பவில்லை, அப்படியே நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தார்.

அப்போதுதான் நீ எனக்குப் போன் எடுத்தாய், நான் மதிலோரம் ஒதுங்கினேன்.

"மச்சான், நீ ஒரு கடுதாசி தந்தா இங்க விடுறாங்க. தனி வான் பிடிச்சி வாறன். ஆரையும் தொட மாட்டன். மையவாடிச் சுவருக்கு வெளிய நிண்டு தொழுதுட்டுத் திரும்பிருவன். தூரத்துல நிக்க எனக்குத் தெரியும், நான் கீப்பர்."

உங்கள் அணியில் இரண்டு பேருக்குத் தொற்று என்று இரண்டு நாளைக்கு முன்னர்தான் செய்தி வந்திருந்தது. உனக்கு இல்லை. இருந்தாலும் நீ அவர்களோடு இருந்தவன். எங்கள் சட்டப்படி நீ ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. போட்டி நடத்துகிறவர்கள் சட்டப்படி நீ மறுநாள் மைதானத்தில் இறங்கலாம். பதினொரு பேரில் ஒருவனாக நின்று பந்து பிடிக்கலாம், பெற்ற வாப்பாவுக்கு அடக்கத்தலத்துச் சுவருக்கு வெளியே நின்று தொழக் கூடாது. யார் மூளையில் உதித்த ஒழுங்கு அது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை உனக்கு எடுத்துச் சொன்ன வாய் மட்டும் என்னுடையது.

"ஏலாது," என்றேன்.

"நீதானே மாத்தயா," என்றாய். கடுப்பேற்றும் குரலில் இல்லை. கெஞ்சும் குரலில். உன் வாயில் அந்தக் குரலை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"ஏலாது மச்சான்."

வைத்துவிட்டாய். ஐந்து நிமிஷத்தில் உன் நானாவின் போன் அடித்தது. நான் திரும்பி வந்து அவர் பக்கத்தில்தான் நின்றேன். 'எப்ப வாற?' என்று அவர் கேட்டார். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது கேட்டது: "வாப்பாவ விடப் பந்து பெரிசாப் போச்சா ஒனக்கு?"

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வசனம். 'நான்தான் நானா, அவன வரவேணாம் எண்டன்.' அவ்வளவுதான். திறக்கவில்லை. அங்கே நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பயந்தேன். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள், அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள். நான் வந்தான் வரத்தான். என் வீட்டுக் கூரை தகரம், கல்லுக்குத் தாங்காது. நீயும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாப்பாவின் ஜனாஸாவை இருபது பேரோடு தொழுது அடக்கினோம்.

மறுநாள் பின்னேரம் தனிமைப்படுத்தல் நிலையமாக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே ஐம்பது பேருக்கு மேல், பதினொரு நாளாக அடைபட்டு, ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்துக் களைத்துப்போயிருந்தார்கள். போனால் ஒரு மண்டபத்தில் ஒரே சத்தம். இடைவெளியாவது மண்ணாவது, ஒரு கைபேசியைக் கதிரையில் சாத்தி வைத்து அத்தனை பேரும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏச வாயெடுத்தேன். ஒரு வயதான சிங்கள மீனவர், சிலாபம் பக்கத்து ஆள், என் கையைப் பிடித்து இழுத்தார். "மாத்தயா, பாருங்க பாருங்க, உங்க ஊர் ஆள்!"

நீ. வெறும் கதிரைகள் நிறைந்த மைதானத்தில், உன் மஞ்சள் மேல்சட்டையோடு. எதிரணிக்குப் பெனால்டி. உன் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். அந்த முகம் எனக்குத் தெரியும், அழுது முடித்துக் கழுவிய முகம். அங்கிருந்த வேறு யாருக்கும் அது தெரியவில்லை. நீ இடது பக்கம் பாய்ந்தாய். பந்து உன் கையில் பட்டு வெளியே போனது. மண்டபமே எழும்பிக் குதித்தது. மூன்று நாளாகச் சாப்பிட மறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கைதட்டிச் சிரித்தாள். நான் வாசலில் நின்று முகக்கவசத்துக்குள் அழுதேன். எதற்கு என்று சரியாகத் தெரியாமல் அழுதேன்.

அதையாவது உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போட்டியை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே திரிந்தவன், அதை எப்படி உன்னிடம் வந்து ஒப்புக்கொள்வது?

ஊர் உன்னை என்ன சொன்னது என்று உனக்குத் தெரியும். வாப்பாட மையத்து ஈரம் காயமுந்திப் பந்து பிடிச்சவன். உன் நானா உன்னோடு பேச்சை நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்து, மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. தொற்றுள்ளவரோடு இருந்த ஒரு பெரிய ஆள் கலியாணத்துக்கு வரவேண்டுமாம், கடிதம் கொடு என்று. கொடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை. கையெழுத்துப் போட்ட பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம்தான் உன்னிடம் கேட்டேன். கற்பிட்டிக் கடற்கரையில், நீ முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"ஏண்டா நானாட்ட என்ட பேரச் சொல்லல்ல?"

"சொன்னா ஒன்ட வீட்டுக்குக் கல்லு வந்திரிக்கும்."

"இப்ப சொல்லன்."

"கோல் அடிச்சா அடிச்சவன்ட பேரு. கோல் விட்டா எப்பவும் கீப்பர்ட பேரு. எனக்குப் பழக்கம் மச்சான்."

எனக்கு வந்த கோபத்தில் உன்னைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். என்ன மனிதனடா நீ! என்னை ஏசியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். ஊருக்கு முன்னால் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் ஒரு கிழமை கல்லுக்குப் பயந்து கிடந்து, பிறகு நிம்மதியாக இருந்திருப்பேன். நீ என்னைக் காப்பாற்றினாய். கேட்காமலே காப்பாற்றினாய். அதை நான் என்ன செய்வது?

போன நோன்புக்கு முந்தின மாதம், காலைச் சாப்பாட்டில், பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நீ சரிந்துவிட்டாய். நெஞ்சு. முப்பத்தெட்டு வயது. பாதி ஊர் கொரோனாத் தடுப்பூசியால் என்றது, பாதி ஊர் அப்போது வந்த கொரோனாவால் என்றது. என்னைக் காணுகிற இடமெல்லாம் கேட்டார்கள். உன் சாச்சா, வாப்பாவின் தம்பிகள், இரண்டு பேரும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை, அது அந்தக் குடும்பத்து நெஞ்சு என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. யாரும் கேட்கவில்லை. நான் சொன்னதை இந்த ஊர் கேட்ட ஒரே காலம் அந்த ஒரு வருஷம்தான், அப்போது நான் சொன்னதெல்லாம் சரியுமில்லை.

உன்னைக் கபுறுக்குள் இறக்கியது உன் நானாதான். நாலு வருஷம் பேசாதவர், உள்ளே இறங்கி உன் தலையைப் பிடித்து வைத்தார்.

மூன்றாம் நாள் கரைக்குப் போனேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"நானா, அண்டைக்கு அவன் வாறன் எண்டுதான் நிண்டான். கடுதாசி கேட்டான். நான்தான் குடுக்கல்ல."

வலையூசி நின்றது. "எப்ப கேட்டான்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கக்க. உங்களுக்குப் போன் எடுக்க அஞ்சு நிமிசத்துக்கு முந்தி."

"நான் அவன ஏசக்க நீ எங்க நிண்ட?"

"உங்களுக்குப் பக்கத்துல."

"எட்டுப் பெருநாள்," என்றார். "எட்டுப் பெருநாளும் என்ட வாசலுக்கு வந்து சலாம் சொன்னான். நான் சலாத்துக்குப் பதில் சொல்லல்ல. சலாத்துக்கு." வலையை அப்படியே போட்டுவிட்டு எழும்பிப் போனார்.

நீ கேட்டால் இன்றும் சொல்வேன், அந்தப் போட்டி நடந்திருக்கக் கூடாது. நடந்திருக்காவிட்டால் நீ வாப்பாவின் கால்மாட்டில் இருந்திருப்பாய். அதைச் சொல்லி முடிக்க முன்னர் கைதட்டிச் சிரித்த அந்தப் பெண் கண்ணுக்குள் வருகிறாள், பிறகு எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. இதை உன்னோடு சண்டை பிடித்துத் தீர்க்கவும் வழியில்லாமல் பண்ணிவிட்டாய்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பள்ளி வாசலில் உன் நானாவைக் காண்கிறேன். சலாம் சொல்கிறேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போகிறார். ஒரு தரம்கூடப் பதில் வந்ததில்லை. இன்று வெள்ளி. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது. போய்ச் சலாம் சொல்லிவிட்டு வருகிறேன்.